கணுக்கால் மூட்டின் கசியிழையம்: சிதைவும் சத்திர சிகிச்சையும்

வலைப்பந்தாட்ட மைதானத்திலே துள்ளியெழுந்து பந்தைப் பற்றிய மாணவி ஒருத்தி நிலத்தில் இறங்கும்போது அவளது பாதம் உட்புறமாக மடங்கிவிடுகின்றது. கணுக்கால் வீங்குகின்றது. வீட்டார் பனிக்கட்டி வைக்கின்றனர். அல்லது எண்ணெய் பூசி உருவுவித்துப் புக்கை கட்டுவிக்கின்றனர். இரண்டு மூன்று வாரங்களில் வீக்கம் வற்றிவிட, அவள் மீண்டும் மைதானத்திற்குச் செல்கின்றாள். சுளுக்குற்றோர் பெரும்பாலோரின் கதை இவ்வளவில் முடிந்துவிடும். ஆயின், சிலருக்கு மாதங்கள் பல கழிந்த பின்னரும் மூட்டின் ஆழத்தே ஒரு நோவு தங்கிவிடுகின்றது. ஓடினால் வீக்கம், படியிறங்கினால் குத்து, சிலவேளை மூட்டு பூட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுதலும் உண்டு. ஊடுகதிர்ப் படத்தில் முறிவு எதுவும் தென்படாமையால், வலி மனப்பிரமையென்று பிள்ளை கடிந்துகொள்ளப்படுவதும் உண்டு. இத்தகையோரிற் பலருக்கு நேர்ந்திருப்பது கணுக்கால் மூட்டினுள் உள்ள கசியிழையத்தின் சிதைவாகும். அதனைச் சீர்செய்யச் சத்திர வைத்தியர் இன்று கையாளும் முறைகளையும், அவற்றால் எய்தக்கூடியது எது, எய்தவியலாதது எது என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டார் குருத்தெலும்பு என வழங்குவதையே நம் நாட்டுப் பாடநூல்கள் கசியிழையம் என்னும். சுயமொழிக் கல்விக் காலத்தில் நிலைபெற்ற இச்சொல், அது எலும்பன்று, தனியோர் இழையம் என்பதைக் காட்டுதலால் நமக்குப் பொருத்தமானது. இத்தகைய பொருள்களைத் தமிழில் எழுதுதல் புதிய முயற்சியுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தம் மாணவர்க்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். சத்திர வைத்தியத்திற்கு ‘இரண வைத்தியம்’ என்ற நூலையும் உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற நூலையும் முறையே 1867இலும் 1872இலும் வெளிவரச் செய்தார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இலேயாம். அக்கல்லூரியில் ஆங்கிலம் கோலோச்சிய காலத்தில், மானிப்பாயில் என்பையும் மூட்டையும் தமிழாற் படித்தார்கள் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

கணைக்கால் உள்ளென்பும் வெளியென்பும் கீழ்முனையில் ஒன்றுசேர்ந்து ஒரு கவைபோல அமைகின்றன. அக்கவையினுட் பொருந்தியிருப்பது தாலசு எனப்படும் என்பு. கணுக்காலுக்குப் பரடு என்றொரு பழஞ்சொல் உண்டாதலின், இதனைப் பரட்டென்பு என்போம். இவ்வென்பு பல வகையாலும் விசித்திரமானது. தசை எதுவும் இதனோடு பொருந்துவதில்லை. இதன் மேற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் அறுபது பங்கு கசியிழையத்தாற் போர்த்தப்பட்டுள்ளது. குருதிக் குழாய்கள் உட்புகுவதற்கு எஞ்சிய சிறு பரப்பே வாயிலாகும். நாம் நடக்கும்போது உடற்பாரத்தின் ஏறத்தாழ ஐந்து மடங்கு விசை இம்மூட்டில் விழுகின்றது. அவ்விசையை ஏற்கும் பரப்போ சிறிது. ஒரே அளவு பாரத்தின்கீழ் முழங்கால் மூட்டில் ஏறக்குறைய 1,100 சதுர மில்லிமீற்றர் பரப்பு ஒன்றோடொன்று தொடுமாயின், கணுக்காலில் தொடுவது 350 சதுர மில்லிமீற்றர் அளவே. கசியிழையத்தின் தடிப்பும் இங்கே ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர்தான். முழங்காலிலோ சில இடங்களில் ஆறு மில்லிமீற்றர் வரை காணப்படும்.

இவ்வாறாயின் கணுக்காலே முதலில் தேயவேண்டுமன்றோ? உண்மை அதற்கு மாறானது. முதுமையில் தானே தேய்ந்து நோவது முழங்காலும் இடுப்புமே. கணுக்கால் அவ்வாறு தேய்தல் அரிது. கவையும் பரட்டென்பும் பூட்டும் திறவுகோலும்போல் இசைவாகப் பொருந்துதலே இதற்கு முக்கிய காரணம். அவ்விசைவு கெட்டால் நிலைமை தலைகீழாகும். பரட்டென்பு ஒரு மில்லிமீற்றர் வெளிப்புறமாக விலகினாலே தொடுபரப்பு நூற்றில் 42 பங்கு குறைந்துவிடும் என்பது 1976இல் வெளிவந்த ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. கணுக்காலில் மூட்டுவாதம் உற்றோருள் நூற்றுக்கு எழுபதின்மர்க்கும் மேற்பட்டோர் முன்னர் முறிவோ கடுஞ் சுளுக்கோ உற்றவர்கள். இளமையில் நேர்ந்த ஒரு தடுக்கல் நாற்பது வயதில் வட்டியுடன் கணக்குக் கேட்கின்றது என்றுதான் கூறவேண்டும்.

கசியிழையம் ஏன் தானே ஆறுவதில்லை? தோலிற் காயமுற்றாற் குருதி வடிந்து உறைகின்றது. உறைந்த குருதியினூடே புதிய கலங்கள் புகுந்து இழையத்தை ஆக்குகின்றன. கசியிழையத்திற் குருதிக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் பெரும்பகுதி நீர். அந்நீரைப் பிடித்துவைத்திருப்பது கொலாஜன் நார்களாலாகிய வலை. அவ்வலையினிடையே மிகச் சிலவாகிய கலங்கள் தனித்தனிச் சிறைகளில் அடைபட்டவைபோல் இருக்கின்றன. மூட்டு அசையுந்தோறும் அழுந்தி விரியும் கடற்பஞ்சுபோல மூட்டுநீரிலிருந்து உணவை உறிஞ்சியே அவை வாழ்கின்றன. காயமுற்ற இடத்திற்கு நகர்ந்து செல்ல அவற்றால் இயலாது. இலண்டன் மாநகரில் வில்லியம் ஹன்ரர் என்னும் உடற்கூற்று அறிஞர் 1743ஆம் ஆண்டிலேயே, ஒருமுறை அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என எழுதிவைத்தார். இன்றைய முறைகள் யாவும் அக்கூற்றை எதிர்த்து நடத்தப்படும் வழக்கே. தீர்ப்பு இன்னும் முழுமையாக மாறிவிடவில்லை.

பாதம் உட்புறம் மடங்கும்போது பரட்டென்பின் முகடு கவையின் சுவரோடு மோதுகின்றது. 1959இல் பேர்ண்ட், ஹாற்றி என்னும் ஆய்வாளர் இருவர், வெட்டியகற்றப்பட்ட கால்களை வெவ்வேறு நிலைகளில் மடக்கி இம்மோதலைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினர். பாதம் மேல்நோக்கி வளைந்த நிலையில் மடங்கினால் முகட்டின் வெளிப்பக்கமும், கீழ்நோக்கி நீண்ட நிலையில் மடங்கிக் கணைக்காலும் திரும்பினால் உட்பக்கமும் சிதையும் என அவர்கள் கண்டனர். சிதைவினை நான்கு படிகளாகவும் வகுத்தனர்: என்பு அழுந்துதல், துண்டு பாதி பெயர்தல், முழுதும் பெயர்ந்தும் இருந்த இடத்திலேயே கிடத்தல், இடம்விட்டு மூட்டினுள் அலைதல். சிதைவு கசியிழையத்தோடு நில்லாது அதன் கீழுள்ள என்பையும் பற்றும் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. நரம்பில்லாத இழையம் நோவதெப்படி என்ற வினாவுக்கும் இதுவே விடை. வெடிப்பினூடாக மூட்டுநீர் ஒவ்வோர் அடியிலும் கீழுள்ள என்பினுள் அழுத்தப்படுகின்றது. என்பு கரைந்து அங்கே நீர்ப்பொள்ளல் உண்டாகின்றது. நோவுவது அந்த என்பே.

சாதாரண ஊடுகதிர்ப் படம் கசியிழையத்தைக் காட்டாது. காந்தப்புலத்தைக் கொண்டெடுக்கும் எம்.ஆர்.ஐ. படமே சிதைவைத் தெளிவாகக் காட்டும். என்பிலுள்ள பொள்ளலை அளவிடச் சீ.ரி. படம் சிறந்தது. ஆதலின், சுளுக்குற்று மூன்று நான்கு மாதங்கள் கடந்தும் ஆழ்ந்த நோவு நீங்காதாயின், பழைய ஊடுகதிர்ப் படத்தையே காட்டித் திருப்தியடைதல் தகாது.

சத்திரமே முதற் பரிகாரம் என்று எவரும் எண்ணவேண்டாம். துண்டு பெயராத நிலையில், குறிப்பாக வளரும் பருவத்தினரில், காலுக்கு ஓய்வளித்தலும் கட்டிட்டு வைத்தலும் போதியனவாகலாம். முதிர்ந்தோரில் இவற்றின் பயன் அத்துணை உறுதியன்று. நெதர்லாந்து ஆய்வாளர் பல நாட்டு அறிக்கைகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓய்வினால் நலம்பெற்றோர் நூற்றுக்கு 45 பேர். கட்டிட்டு வைத்தலால் நலம்பெற்றோர் 53 பேர். சிதைந்த பகுதியைச் சுரண்டியகற்றி, கீழுள்ள என்பையும் துளைத்துவிட்டபோது நலம்பெற்றோர் 85 பேர். ஆயினும், வெவ்வேறு வைத்தியர் வெவ்வேறு அளவுகோலால் நலத்தை அளந்தனராதலின், இவ்வெண்களை ஓட்டப்பந்தய முடிவுகள்போல் ஒப்பிடுதல் பொருந்தாது.

இத்துளைத்தல் முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இன்றும் உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது இதுவே. அதன் கருத்து மிக எளிது. கசியிழையத்திற்குக் குருதி இல்லை; கீழுள்ள என்பின் மச்சைக்கு உண்டு. இடையிலுள்ள கெட்டியான தளத்தைத் துளைத்தால் மச்சையின் குருதி மேலே கசிந்து பள்ளத்தில் உறையும். உறைந்த குருதியிலுள்ள மூலக்கலங்கள் புதிய இழையத்தை ஆக்கும். பிறிஸ்ரல் நகரின் பிரிடி என்னும் வைத்தியர் 1959இல் முழங்காலில் இவ்வாறு துளையிடும் முறையை வெளியிட்டார். அமெரிக்கரான ஸ்ரெட்மன் 1980களில் துரப்பணத்தை விடுத்து, செருப்புத் தைப்போரின் ஊசியை ஒத்த கூரிய கருவியால் நுண்ணிய துளைகளை இடும் முறையை உண்டாக்கினார். துரப்பணம் சுழலும்போது எழும் வெப்பம் என்பைக் கருக்கும் என்பதே அவர் காட்டிய காரணம். இதுவே நுண்முறிவு முறை எனப்படுவது.

இதனைச் செய்வதற்கு மூட்டைப் பிளக்க வேண்டியதில்லை. மூட்டுநோக்கி என்னும் கருவியின் வரலாறு ஆசிய நாட்டவராகிய நமக்குப் பெருமை தருவது. தோக்கியோவின் தக்காகி என்னும் பேராசிரியர் 1918இல், சிறுநீர்ப்பையை நோக்கும் குழாயொன்றை இறந்தவர் ஒருவரின் முழங்காலினுட் செலுத்திப் பார்த்தார். கணுக்கால் மூட்டோ இதற்கு ஏலாதபடி ஒடுங்கியது என 1931இல் நியூயோர்க்கின் பேர்மன் என்பார் முடிவுகட்டினார். எட்டாண்டுகளில் தக்காகி அதனையும் செய்துகாட்டினார். அவர் மாணாக்கரான வத்தனாபே 1972இல், ஒளியிழை கொண்ட மெல்லிய கருவியால் 28 கணுக்கால்களை நோக்கிய செய்தியை வெளியிட்டார். ஒடுக்கமென்று ஒருவர் கைவிட்ட வாயிலினூடே இன்று நாள்தோறும் சத்திரம் நடைபெறுகின்றது.

நோயாளியின் பாதம் மெல்ல இழுத்துவைக்கப்பட, மூட்டு சில மில்லிமீற்றர் அகல்கின்றது. முன்புறத்தே உள்ளும் வெளியுமாக இரண்டு சிறு கீறல்கள். ஒன்றினால் நோக்கி நுழையும். மற்றதனாற் கருவி நுழையும். வெளிக் கீறலின் அருகே பாதத்தின் மேற்றோலுக்கு உணர்ச்சி வழங்கும் நரம்பு ஓடுகின்றது. அதனைத் தோலின் மேலேயே கண்டு குறித்துக்கொள்ளாவிடில் பாதம் மரத்துப்போக நேரிடும். பெயர்ந்தும் நைந்தும் கிடக்கும் கசியிழையம் சுரண்டியகற்றப்படும். எஞ்சிய ஓரங்கள் வரப்புப்போற் செங்குத்தாக நிற்கவேண்டும். சரிந்த வரப்பில் நீர் நில்லாததுபோலச் சரிந்த ஓரத்தில் உறைந்த குருதி தங்காது. பின்னர் மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளியில் துளைகள் இடப்படும். மச்சையின் கொழுப்புத் துளிகளும் குருதியும் துளைகளினின்று எழுவதைக் கண்டபின்னரே சத்திர வைத்தியர் கருவியை வெளியே எடுப்பார்.

எழும் புதிய இழையம் பழையதுதானா என்றால், அன்று. இயற்கையாக உள்ளது பளிங்குருக் கசியிழையம். புதிதாக உண்டாவது நார்க்கசியிழையம். கொலாஜனின் வகையே வேறு. உடைந்த பளிங்குத் தரையிற் சீமெந்து பூசி நிரப்பியதற்கு இதனை ஒப்பிடலாம். நடக்கலாம், பள்ளம் இல்லை. ஆயினும் பளிங்கின் வழவழப்பும் உறுதியும் அதற்கு இல்லை. பள்ளம் சிறியதாயின் சுற்றியுள்ள நல்ல கசியிழையம் பாரத்தை ஏற்று இதனைக் காக்கும்; பெரியதாயின் காக்க இயலாது. ஆதலின் அளவே இங்கு தலையாய வினா. 15 மில்லிமீற்றர் குறுக்களவு அல்லது 150 சதுர மில்லிமீற்றர் பரப்பு என்பது 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளால் எல்லையாகக் கொள்ளப்பட்டது. பின்வந்தோர் அவ்வெல்லையை மேலும் குறைத்து, 10 மில்லிமீற்றர் அளவிலேயே எச்சரிக்கை வேண்டும் என்கின்றனர். தம் பிள்ளைக்கு நுண்முறிவு முறை விதிக்கப்பட்டால், பெற்றோர் முதலிற் கேட்கவேண்டியது சிதைவின் அளவு எத்தனை மில்லிமீற்றர் என்பதே.

பெரிய சிதைவுகளுக்கும், துளையிட்டும் பயன்படாதவற்றிற்கும் ஒட்டு முறைகள் உள. ஹங்கேரி நாட்டவரான லாஸ்லோ ஹங்கோடி 1990களில் வளர்த்த முறை, மொசைக் தரை பதித்தலை ஒத்தது. அதனாலேயே அப்பெயரும் பெற்றது. முழங்காலிற் பாரம் குறைந்த ஓரத்திலிருந்து, கசியிழையமும் என்பும் சேர்ந்த சிறு உருளைகள் தோண்டியெடுக்கப்பட்டுக் கணுக்காலின் பள்ளத்தில் ஒன்றையடுத்தொன்றாகப் பதிக்கப்படும். பதிக்கப்படுவது உண்மையான பளிங்குருக் கசியிழையம் என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. குறைகளும் உண்டு. பரட்டென்பின் உட்பக்கத்தை எட்டுவதற்குக் கணுக்காலின் உட்புற முளையென்பை அறுத்துத் திறந்து, பின் திருகாணியாற் பூட்டவேண்டும். நோவில்லாத முழங்காலிற் புதிதாக நோவு தோன்றுதலும் உண்டு. ஒரு வீட்டின் ஓட்டைக் கழற்றி மற்றொரு வீட்டின் ஒழுக்கை அடைப்பது போன்றதாகையால், சிறு சிதைவுகளுக்கு இதனை நாடுதல் தகாது என்பதே எம் கருத்து. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 33 கணுக்கால்களுக்குச் சுரண்டல், நுண்முறிவு, ஒட்டு ஆகிய மூன்றும் குலுக்கல் முறையாற் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஈராண்டின் பின் மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நோயாளியின் கலங்களையே வளர்த்துப் பயிரிடும் முறை 1994இல் சுவீடனிலிருந்து வெளிப்பட்டது. பிரிட்பேர்க், பீற்றர்சன் முதலியோர் 23 நோயாளரின் முழங்கால்களிலிருந்து எள்ளளவு கசியிழையத்தை எடுத்து, ஆய்வுகூடத்திற் கலங்களைப் பெருக்கி, சில வாரங்களின் பின் பள்ளத்துள் இட்டு என்புச் சவ்வினால் மூடித் தைத்தனர். பின்னாளில் கலங்களைக் கொலாஜன் படலமொன்றில் விதைத்து ஒட்டும் முறை வந்தது. கணுக்காலிலும் அது கையாளப்படுகின்றது. நாற்றங்காலில் வளர்த்து வயலில் நடுவது போன்ற இம்முறைக்கு இருமுறை சத்திரமும் உயர்ந்த ஆய்வுகூடமும் பெரும் பணமும் வேண்டும். மேற்கூறிய 2010ஆம் ஆண்டுக் கணக்கில் இதனால் நலமுற்றோர் நூற்றுக்கு 76 பேரே. விலை மிக்கதே சிறந்தது என்னும் நம் எண்ணத்திற்கு இங்கே ஆதாரம் இல்லை.

மற்றொரு வழி, இறந்தோர் ஈந்த பரட்டென்பிலிருந்து வேண்டிய வடிவத்திற் செதுக்கியெடுத்துப் பொருத்துதல். கொடைக்கு நம் நாடு பேர்பெற்றது. ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண்தானச் சங்கம் உலக நாடுகள் பலவற்றிற்குக் கண்மணிப் படலங்களை அனுப்பியுள்ளது. மனித இழையங்களை மாற்றிப் பொருத்துதற்குரிய சட்டம் 1987இல் நிறைவேறியது. பின்னர்க் கொழும்பில் மனித இழைய வங்கியும் அமைந்தது. எனின் கணுக்காலுக்கும் இவ்வழி எளிதன்றோ எனலாம். கதிர்வீச்சாற் கிருமி நீக்கியும் உறையவைத்தும் என்பைப் பேணுதல் இயலும். அவ்வென்பு ஒரு சாரமாக நின்றாற் போதும். கசியிழையமோ அதன் கலங்கள் உயிரோடிருந்தாலன்றிப் பயன்படாது. அது உறையாத குளிரில் ஊட்டநீரில் வைக்கப்பட்டு, சுமார் நான்கு வாரங்களுக்குள் தக்க அளவுள்ள காலைத் தேடிப் பொருத்தப்படல் வேண்டும். கொடையாளியின் பரட்டென்பும் பெறுபவரின் பரட்டென்பும் அளவால் ஒத்திருத்தலும் அவசியம். கடுகளவு வேறுபாடும் முன்னர்க் கூறிய இசைவைக் கெடுத்துவிடும். அமெரிக்கா போன்ற பெருநாடுகளில் இம்முறை வேரூன்றியமைக்குக் கொடையாளர் தொகையும் விரைந்த போக்குவரத்துமே காரணம்.

விபத்தின்போது பெயர்ந்த துண்டு பெரியதாயும் புதியதாயும் இருப்பின், அதனை எறிந்துவிடாது சிறு ஆணிகளால் இருந்த இடத்திலேயே பொருத்திவிடுதல் எல்லாவற்றிலும் நன்று. கசியிழையம் சிதையாது கீழே பொள்ளல் மட்டும் இருப்பின், கீழிருந்து துளைத்துப் பொள்ளலை என்புத் துகளால் நிரப்பலாம்.

ஊசியாற் கசியிழையம் வளரும் எனச் சில இடங்களிற் கூறப்படுவதைப் பற்றியும் ஒரு சொல். நோயாளியின் குருதியைச் சுழற்றிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டில் ஏற்றுதல் இன்று நாகரிகமாகிவிட்டது. தேய்ந்த கணுக்காலுற்ற 100 பேரில் நெதர்லாந்தில் நிகழ்ந்த பரிசோதனையொன்று 2021இல் வெளியாயிற்று. பாதிப்பேருக்கு அக்குருதிப் பகுதியும் பாதிப்பேருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றப்பட்டன. 26 வாரங்களின் பின் இரு சாராரும் ஒரே அளவினராகவே இருந்தனர். உப்புநீருக்கு நிகரான மருந்துக்கு நகையை அடகுவைத்துப் பணம் கட்டுவது நியாயமாமோ?

எம்முறையைக் கையாளினும் சத்திரத்தின் பின் வரும் மாதங்களே பயனை முடிவுசெய்கின்றன. நுண்முறிவின் பின் பல வைத்தியர் ஆறு வாரம் வரை பாதத்திற் பாரம் ஏற்றவிடுவதில்லை. ஆயின் மூட்டை மேலுங் கீழுமாக அசைக்கச் சொல்வர். பாரம் இளம் இழையத்தை நசுக்கும். அசைவோ அதற்கு உணவூட்டும். விளையாட்டுக்கு மீள நான்கு முதல் ஆறு மாதங்கள் செல்லும். முளையென்பை அறுத்து ஒட்டியவர்க்கு இன்னும் கூடுதலாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மின்தூக்கி இல்லாத மாடிவீட்டின் மூன்றாந் தட்டில் வசிப்பவர் ஊன்றுகோல்களோடு ஆறு வாரம் எவ்வாறு இறங்கியேறுவார் என்பதைச் சத்திரத்திற்குத் தேதி குறிக்குமுன்னரே ஆலோசித்தல் வேண்டும். பரதம் பயிலும் மாணவியர்க்கு இன்னொன்று: அரைமண்டியில் நின்று பாதத்தை நிலத்தில் தட்டும் பயிற்சியை ஆசிரியையும் வைத்தியரும் கலந்துபேசியே படிப்படியாக மீளத் தொடங்கவேண்டும். கணுக்காலைச் சூழ்ந்த இணையங்கள் தளர்ந்திருப்பின் அவற்றையும் சீர்செய்யவேண்டும். இல்லையேல் அடுத்த சுளுக்கு புதிய இழையத்தையும் பெயர்த்துவிடும்.

மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்ட முதிர்ந்த நிலையில் மேற்கூறிய சீரமைப்புகள் பயன்தரா. அப்போது எஞ்சுவன இரண்டு: என்புகளை ஒன்றாக்கி மூட்டையே இல்லாதொழிக்கும் இணைப்புச் சத்திரம், உலோகத்தாலான செயற்கை மூட்டு. இணைப்பு நோவை நீக்கிச் சமதரையில் நன்கு நடக்கவிடும். உழைப்பாளிகளுக்கு அது உறுதியானது. நாற்காலியில் வாழும் மேலைநாட்டவர்க்கு அதனால் இழப்பு அதிகமில்லை. நிலத்திற் குந்தியிருந்து தேங்காய் துருவுவோர்க்கும், குந்தும் மலசலகூடத்தைப் பயன்படுத்துவோர்க்கும், பாதத்தைப் பதித்துக் குந்தும் அந்நிலையே இல்லாது போகின்றது. அயல்மூட்டுகள் அவ்விழப்பை ஈடுசெய்ய முயன்று காலப்போக்கில் தாமும் தேய்கின்றன. செயற்கை மூட்டு அசைவிற் சிறிதைக் காக்கும். எனினும் ஓட்டமும் துள்ளலும் அதற்கு ஆகா, பிற்காலத்தில் மாற்றவும் நேரிடலாம். தம் அன்றாட வாழ்வில் எத்தனை முறை குந்தி எழுகின்றார் என்பதை நோயாளி வைத்தியரிடம் கேளாமலே கூறிவிடுதல் நன்று. ஊடுகதிர்ப் படத்தில் அது தெரிவதில்லை.